யாரும் மூடாத குவளை

ஜெர்மனியின் வுப்பர்டாலில் இயங்கிய ஒரு பின்னல் இயந்திரத் தொழிற்சாலையில் சுந்தரராஜனுக்குப் பெருங்குடிகாரர் என்றொரு பெயர் இருந்தது. வெறுப்பினால் இடப்பட்ட பெயரன்று, வியப்பினால் இடப்பட்டது. கிறிஸ்துமஸ் விருந்தின்போது கடைசல் பிரிவின் பழைய தொழிலாளர்கள் அவர் தோளைத் தட்டி, "இவரோடு போட்டிக்கு உட்கார்ந்துவிடாதீர்கள்" என்று புதியவர்களை எச்சரிப்பார்கள். சுந்தரராஜனோ தம் வாழ்நாளில் ஒரு சொட்டு மதுவையும் நாவில் வைத்தவரல்லர். அந்தப் பெயர் 1968ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒரே இரவில் அவருக்கு வாய்த்தது.

அவர் கோயம்புத்தூரை அடுத்த பீளமேட்டில் பிறந்தவர். நெசவுத் தொழில்நுட்பத்தில் பட்டயம் பெற்று, உள்ளூர் ஆலையொன்றின் பழுதுபார்ப்புப் பிரிவில் சில ஆண்டுகள் உழைத்தபின் ஜெர்மனிக்குக் கப்பலேறினார். மெலிந்த உடல், படிய வாரிய தலை, மடிப்புக் கலையாத சட்டை. பிறர் வீட்டில் தண்ணீர் குடித்தாலும் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வரும் இயல்பினர். புலால் உண்ணாதவர். அவர் பணிபுரிந்த தொழிற்சாலை, காலணிக் கயிறு முதல் கப்பல் வடம் வரை பின்னும் இயந்திரங்களைச் செய்தது. ஒரு வட்டத் தட்டின்மேல் நூற்கண்டுகள் இருதிசையிலும் ஒன்றையொன்று ஊடுருவி ஓட, நடுவில் கயிறு பின்னிக்கொண்டே மேலெழும். முதன்முதலாக அதைக் கண்ட நாளில், "இது நம்ம ஊர்ப் பின்னல் கோலாட்டமுங்க, ஆடறவங்கதான் இரும்பு" என்று தம் நண்பரிடம் தொலைபேசியில் சொன்னார்.

அந்த இலையுதிர் காலத்தில் அவருடைய பணி ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருந்தது. உரிமையாளர் ஓஸ்டர்காம்ப் ஒளிவுமறைவின்றிப் பேசுபவர். "ஒசாகாவிலிருந்து வருபவர்கள் பன்னிரண்டு இயந்திரங்களை வாங்கினால், அவற்றை இங்கே பொருத்தி, ஓட்டிப் பார்த்து அனுப்ப எனக்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள். வாங்காவிட்டால் டிசம்பரில் கைகுலுக்கிக்கொள்வோம்" என்றார். கைகுலுக்கல் என்பது ஊர் திரும்புவதைக் குறித்தது. பீளமேட்டில் அவருடைய மனைவி கிரிஜா, பயண ஏற்பாட்டுக்குச் சொல் வருமென்று காத்திருந்தாள். அவர் கப்பலேறிய பின் பிறந்த மகளை அவர் நிழற்படத்தில் மட்டுமே பார்த்திருந்தார். வேலை நிலைத்தால் இருவரும் வருவார்கள். நிலைக்காவிட்டால் பழைய ஆலையில் பழைய இடம்கூடக் கிடைக்குமென்ற உறுதியில்லை.

ஒசாகாவிலிருந்து இருவர் வந்தனர். கொள்முதல் தலைவர் குரொய்வா அறுபது வயதை எட்டியவர். ஜப்பானிய மொழியன்றி வேறு அறியாதவர். நாள் முழுவதும் ஒருமுறையேனும் முறுவலிக்கவில்லை. மற்றவர் நிஷியோ, நாற்பது வயது மதிக்கத்தக்கவர். ஆங்கிலமும் ஜெர்மனும் பேசி அவருக்கு மொழிபெயர்த்தார். முதல்நாள் இயந்திரத்தைக் காட்டி விளக்கினார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சோதனை ஓட்டம். அது நிறைவளித்தால் கையொப்பம் என்று முடிவாயிற்று.

மாலை ஐந்து மணிக்குச் சங்கு ஒலித்ததும் தொழிற்சாலை காலியாகத் தொடங்கியது. ஓஸ்டர்காம்ப்பும் தொப்பியை எடுத்துக்கொண்டார். வியாழன்தோறும் தேவாலயப் பாடற்குழுவின் பயிற்சி; முப்பது ஆண்டுகளாக அவர் அதைத் தவறவிட்டதில்லை.

"விருந்தினர்களை இன்று மாலை நீங்கள் கவனித்துக்கொள்ளுங்கள், ஹெர் சுந்தரராஜன். டுசல்டோர்ஃபில்தான் அவர்களுடைய விடுதி. நல்ல இடமாகப் பார்த்து அழைத்துச் செல்லுங்கள். செலவு நிறுவனத்துடையது."

"நானா? அவர்களுடைய பழக்கவழக்கம் எதுவும் எனக்குத் தெரியாதே."

"ஏன், நீங்களும் ஆசியாக்காரர்தானே," என்றார் ஓஸ்டர்காம்ப், கையுறையை மாட்டியபடி.

சுந்தரராஜன் நின்ற இடத்திலேயே நின்றார். கடல் கடந்து வந்த வாடிக்கையாளரை வாசலில் விட்டுவிட்டு வீட்டுத் தலைவர் பாடப் போவார் என்பதையே அவரால் நம்ப முடியவில்லை. அந்த விருந்தோம்பல் தம் தலையில் இறங்கியதை நம்ப அவருக்கு இன்னும் சற்று நேரம் பிடித்தது. அலுவலகத் தொலைபேசியில் அவர் பாலச்சந்திரனை அழைத்தார். பாலச்சந்திரன் கும்பகோணத்துக்காரர், டுசல்டோர்ஃபில் சாயவேதியியல் ஆராய்ச்சி செய்துவந்தவர், அவரைவிட மூன்று வயது மூத்தவர்.

"பாலுண்ணா, ஒரு இக்கட்டுங்க. ஜப்பான்காரங்க ரெண்டு பேரை என் கையில புடிச்சுக் குடுத்துட்டு மொதலாளி கெளம்பிட்டாருங்க. நீயும் ஆசியாக்காரன்தானேங்கறார்."

"சபாஷ். அப்போ ஓஸ்டர்காம்ப்பும் போர்ச்சுக்கல்காரனும் பங்காளியான்னு கேட்டியோ?"

"சிரிக்காதீங்கண்ணா. எம் பொழப்பே இதுல தொங்குது. குடிப்பாங்களாமா. நான் என்ன பண்றதுங்க?"

"நீ ஏன்ப்பா குடிக்கணும்? பந்தி விசாரிக்கிறவன் சாப்பாட்டுக்கா அலையறான்? கேட்டுக் கேட்டுப் போடு. போதும்னு அவங்க வாயால வர்ற வரைக்கும் விடாதே. ஒண்ணே ஒண்ணு. கிளம்பலாமான்னு மட்டும் நீயாக் கேட்டுடாதே. கேட்டே, பிசினஸ் க்ளோஸ்."

"அதெப்படிங்க கேப்பேன்? வந்தவங்களைப் போன்னு சொல்ற குடும்பமாங்க எங்குளுது?"

"அதான் சொல்றேன். ஒரு டிஸ்டிலேஷன் ஓடிண்டிருக்கு. ராத்திரி பூரா லேப்லதான் இருப்பேன். எமர்ஜென்சின்னா போன் பண்ணு."

ரயிலேறி டுசல்டோர்ஃப் சேர்ந்ததும், பழைய நகரில் ஆற்றை ஒட்டிய பெரிய மதுக்கூடமொன்றுக்கு அவர்களை அழைத்துச் சென்றார். நீண்ட மரமேசைகள், புகை, பேரிரைச்சல். நீல மேலங்கி அணிந்த பருத்த பரிசாரகர் ஒருவர், யாரும் கேட்காமலே சிறு கண்ணாடிக் குவளைகளைக் கொணர்ந்து மேசையில் வைத்தார். உள்ளே அந்நகரத்துக் கரும்பழுப்புப் பியர். சுந்தரராஜன் எழுந்து சென்று அவர் காதருகே, தாம் மது அருந்துவதில்லை என்றும் வேறு ஏதேனும் கிடைத்தால் நலம் என்றும் தெரிவித்தார். பரிசாரகர் ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டு, அதேபோன்ற குவளையில் அதேபோன்ற கரும்பழுப்பு நிறத்தில் ஒன்றைக் கொணர்ந்தார். அது மால்ட்ஸ்பியர், பெயரில் மட்டுமே பியர். குழந்தைகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் கொடுப்பது. வெல்லப்பாகைச் சோடாவில் கரைத்தாற்போன்ற சுவை. கேட்டதைக் கொடுத்தாரே என்ற நிறைவுக்கு மேல் சுந்தரராஜன் எதையும் எண்ணவில்லை. மேசையில் மூன்று குவளைகளும் ஒன்றுபோலவே இருந்தன என்பது அவர் கருத்தில் படவில்லை.

பரிசாரகர் போகுமுன் அந்த இடத்து விதியையும் சொன்னார். குவளை காலியானால் அவர் கேட்காமலே அடுத்ததை வைப்பார். போதுமென்றால், குவளைக்கு அடியிலிருக்கும் வட்ட அட்டையை எடுத்துக் குவளையின் மேல் மூட வேண்டும். மூடாதவரை வந்துகொண்டே இருக்கும். நிஷியோ அதை மொழிபெயர்க்க, குரொய்வா பெரிதும் மதித்துத் தலையசைத்தார். சுந்தரராஜனுக்கும் விதி உடனே விளங்கிற்று. அட்டை என்பது இலை. உண்டு முடித்தவன் இலையை மூடுவான். மூத்தவர் மூடுமுன் இளையவர் மூடலாகாது. பரிமாறுகிறவன் ஒருபோதும் பிறர் இலையை மூடலாகாது. மூத்தவர் குரொய்வா. ஆகவே அவர் மூடும்வரை தாம் மூடாதிருப்பதே முறை என்று தீர்மானித்துக்கொண்டார்.

முதல் அதிர்ச்சி உணவில் வந்தது. விருந்தினர் விருப்பப்படி கொண்டுவருமாறு சொன்னதும், அரைத்த பச்சைப் பன்றியிறைச்சியை ரொட்டியின்மேல் அப்பி, வெங்காயம் தூவிக் கொணர்ந்தார்கள். வேகவைக்க மறந்துவிட்டார்கள் என்றெண்ணிச் சுந்தரராஜன் பதறிப்போய் அதைத் திருப்பி அனுப்பக் கையுயர்த்தினார். அதற்குள் குரொய்வா ஒன்றை முழுதாக வாயிலிட்டு, அன்றைய நாளில் முதன்முறையாக முறுவலித்தார். சுந்தரராஜன் தம் பாலாடைக்கட்டியையும் கருப்பு ரொட்டியையும் பார்த்தபடி குனிந்துகொண்டார்.

"முதலாளி வரமாட்டாரா என்று குரொய்வா அவர்கள் கேட்கிறார்," என்றார் நிஷியோ.

"அவருக்குப் பாடற்குழுப் பயிற்சி."

நிஷியோ மொழிபெயர்த்தார். குரொய்வா ஏதோ சொன்னார்.

"அப்படியானால் நாமும் பாடுவோம் என்கிறார்."

பகலெல்லாம் இரும்புப் பெட்டிபோல் இருந்த மனிதர், கழுத்துப்பட்டையைத் தளர்த்தி, கண்களை மூடிக்கொண்டு பாடத் தொடங்கினார். அடுத்த மேசை ஜெர்மானியர் மேசையைத் தட்டினர். பிறகு நிஷியோ பாடினார். பிறகு இருவரும் சுந்தரராஜனை நோக்கிக் காத்திருந்தனர். அவருக்குப் பாட்டே வராது. பள்ளிக்கூடத்தில் ராகம்போட்டு ஒப்பித்தது ஒன்றுதான் அந்த நெருக்கடியில் நினைவுக்கு வந்தது. அவர் எழுந்து நின்று, கைகட்டிக்கொண்டு, பதினாறாம் வாய்பாட்டைத் தொடக்கம் முதல் இறுதிவரை பாடினார். கூடம் கைதட்டியது. குரொய்வாவின் கண்களில் நீர் திரண்டிருந்தது.

"இது பிரிவைப் பற்றிய பாட்டா என்று கேட்கிறார்."

சுந்தரராஜன் வாய்பாட்டை மனத்துள் மறுபடி ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். பிறகு, "பெருக்கத்தைப் பற்றியது" என்றார். அது எவ்வாறு மொழிபெயர்க்கப்பட்டதோ, குரொய்வா எழுந்து அவரை ஆழ வணங்கினார்.

குவளைகள் வந்தவண்ணம் இருந்தன. இட்டதை மிச்சம் வைக்கலாகாது என்பது சுந்தரராஜனின் வளர்ப்பு. ஆகவே அந்த இனிப்பு நீரை அவர் ஒவ்வொரு முறையும் குடித்து முடித்தார். முடித்த கணமே அடுத்தது வந்தது. வயிறு தோற்பறைபோல் விம்மிற்று. குரொய்வாவின் முகம் செங்கல் நிறமாயிற்று. நிஷியோவின் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஒரு கட்டத்தில் குரொய்வாவின் வலக்கை மெல்ல நகர்ந்து அட்டையின் விளிம்பைத் தொட்டது. சுந்தரராஜன் மூச்சையடக்கி, பெருமாளை மனத்துள் அழைத்தார். அந்நேரம் குரொய்வா நிமிர்ந்து சுந்தரராஜனின் குவளையை நோக்கினார். அது திறந்திருந்தது. கை அட்டையை விட்டு விலகி மடிக்குத் திரும்பிவிட்டது.

நள்ளிரவு கடந்து மதுக்கூடத்தை அடைத்தார்கள். வெளியே குளிர்ந்த தெருவில் மூவரும் நின்றனர். இப்போது இவர்கள் விடைபெறுவார்கள் என்று சுந்தரராஜன் உறுதியாக நம்பினார். ஆயினும் வாசல்வரை வந்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விடுவது மரியாதையன்று. மறுப்பார்கள் என்ற நம்பிக்கையில், "இன்னும் எங்கேனும் சற்று உட்காரலாமா?" என்றார்.

நிஷியோவின் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்து பின் இறுகிற்று. "மகிழ்ச்சியோடு," என்றார்.

ரயில் நிலையத்துக்கு அருகே ஜப்பானியப் பெண்மணியொருவர் நடத்திய சிறு கடைக்கு நிஷியோ வழிகாட்டினார். அங்கே விருந்தினருக்கு விஸ்கி வந்தது. சுந்தரராஜன் தம் வேண்டுகோளை அந்த அம்மையாரின் காதிலும் போட்டார். அவர் வாற்கோதுமையை வறுத்துக் காய்ச்சி ஆறவைத்த தேநீரை ஊற்றித் தந்தார். அதுவும் விஸ்கி நிறமாகவே இருந்தது. அந்தக் கடையின் தொலைபேசியிலிருந்து அவர் மறுபடியும் ஆராய்ச்சிக்கூடத்தை அழைத்தார்.

"பாலுண்ணா, இவங்க எந்திரிக்கவே மாட்டேங்கறாங்க."

"இன்னுமா? என்ன ஸ்டாமினாப்பா. போதும்னு சொன்னாங்களா?"

"சொல்லவே இல்லீங்க. காத்தால ஒம்பது மணிக்கு டெஸ்ட்டு. அந்தப் பெரியவரு கண்ணு ரெண்டும் கோவப்பழமாட்டம் இருக்குது. எனக்குப் பயமா இருக்குதுங்."

"பயந்து அவசரப்பட்டுடாதே. டெஸ்ட் பண்றான்னே வெச்சுக்கோ. நீ எவ்வளவு நேரம் மூஞ்சி சுளிக்காம இருக்கேன்னு பார்க்கறான். உக்காரு."

உட்கார்ந்தார். அந்தக் கடையையும் அடைத்தபின், இரவெல்லாம் திறந்திருக்கும் ரயில் நிலையச் சிற்றுண்டிக் கூடத்துக்குப் போனார்கள். அங்கே பட்டாணிச் சூப்பு மட்டுமே இருந்தது. பயணப் பெட்டிகளின்மேல் தலைசாய்த்து உறங்கியவர்களுக்கு நடுவே மூவரும் முதுகை நிமிர்த்தி அமர்ந்திருந்தனர். குரொய்வாவின் கண்கள் மூடியிருந்தன. உடல் மட்டும் சாயவில்லை. சாளரத்துக்கு வெளியே வானம் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது.

நிஷியோ தம் கரண்டியைக் கீழே வைத்தார். 

"சுந்தரராஜன் அவர்களே, மரியாதையற்ற ஒரு கேள்வி. மன்னிக்க வேண்டும். எங்களை எப்போது போக விடுவீர்கள்?"

சுந்தரராஜனுக்கு முதலில் பொருள் பிடிபடவில்லை. "நான் போக விடுவதா?"

"நீங்கள்தானே விருந்தளிப்பவர். அளிப்பவர் முடித்துவைக்காமல் விருந்தினர் எழுவது எங்கள் நாட்டில் பெரும் அவமதிப்பு. நீங்கள் குவளையை மூடுவீர்கள் என்று நாங்கள் இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தோம். நீங்கள் மூடவேயில்லை. தெருவில் நின்றபோதும் இன்னொரு இடத்துக்கு அழைத்தீர்கள்."

"ஐயா," என்றார் சுந்தரராஜன். "விருந்தினரைப் போகச் சொல்வது எங்கள் ஊரில் பாவம். நீங்களாக எழுந்திருப்பீர்கள் என்று நான் காத்திருந்தேன். பெரியவர் மூடாமல் நான் எப்படி மூடுவேன்?"

 தூரத்தில் ஏதோ ரயில் வந்து நின்று, கிளம்பியும் போயிற்று. நிஷியோ திரும்பி, குரொய்வாவிடம் தாழ்ந்த குரலில் பேசினார். குரொய்வாவின் கண்கள் திறந்தன. அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"அத்தனை பியரும் விஸ்கியும் குடித்தும் உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே, எப்படி என்று கேட்கிறார்."

அப்போதுதான் மூன்று குவளைகளும் ஒரே நிறத்தில் இருந்தது சுந்தரராஜனுக்கு உறைத்தது.  பொய் சொல்ல அவருக்குத் தெரியாது. முதல் இடத்தில் தாம் குடித்தது குழந்தைகளின் பானம் என்றும், இரண்டாம் இடத்தில் வெறும் தேநீர் என்றும், மறைக்க எண்ணிச் செய்ததன்று என்றும் சொன்னார். நிஷியோ அதை மொழிபெயர்க்கத் தயங்கி, பின் மொழிபெயர்த்தார்.

குரொய்வாவின் முகத்திலிருந்து நிறம் வடிந்தது. அவர் எழுந்தார்; மேலங்கியின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினார்; மேசை விளிம்பில் நெற்றி படுமளவு குனிந்து வணங்கினார்; ஒரு சொல்லும் பேசாமல் வெளியேறினார். நிஷியோ பின்னால் ஓடினார். மேசையில் ஆறிய சூப்புக் கிண்ணங்கள் மூன்று இருந்தன. பன்னிரண்டு இயந்திரங்களும் அந்த வாசல்வழியே போய்விட்டன என்று சுந்தரராஜன் நினைத்தார். கிரிஜாவுக்கு எப்படி எழுதுவது என்ற நினைவு அடுத்து வந்தது.

முதல் ரயிலில் வுப்பர்டால் திரும்பி, தொழிற்சாலைக் குழாயில் முகம் கழுவி, அவர் இயந்திரத்துக்கு எண்ணெயிட்டார். நன்றாக உறங்கியெழுந்த ஓஸ்டர்காம்ப் புத்துணர்வோடு வந்து, "மாலை இனிதாகக் கழிந்ததா?" என்றார். குரொய்வாவும் நிஷியோவும் குறித்த நேரத்துக்கு வந்து நின்றதைக் கண்டு சுந்தரராஜன் திகைத்தார். இருவர் முகமும் சவரம் செய்யப்பட்டிருந்தது, சட்டைகள் புதியவை, முந்தைய இரவு நிகழவேயில்லை என்பதுபோல் நின்றனர். குரொய்வா அவர் பக்கமே திரும்பவில்லை.

இயந்திரம் குறையின்றி ஓடியது. பின்னிய கயிற்றைக் குரொய்வா விரல்களால் நெருடினார், முறுக்கினார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு நிஷியோவின் வாயிலாக ஒரே வாக்கியம் வந்தது: "கையொப்பம் நாளைக்கு."

அவர்கள் சென்றதும் ஓஸ்டர்காம்ப் தம் அறையின் கதவைச் சாத்தினார்.

"இயந்திரத்தில் குறையில்லை. விலை ஏற்கெனவே பேசி முடித்தது. அப்படியானால் குறை நேற்றிரவில் இருக்க வேண்டும். என்ன செய்தீர்கள்?"

"உபசரித்தேன்."

"எதுவரை?"

"விடியும்வரை."

ஓஸ்டர்காம்ப் போட்ட கூச்சல் அடுத்த அறையான கணக்குப் பிரிவுக்கும் கேட்டது. "ஜப்பானியரோடு? விடியும்வரை? நீங்களா?" கணக்குப் பிரிவிலிருந்து அச்செய்தி கடைசல் பிரிவுக்குப் பகலுணவுக்கு முன்பே போய்ச் சேர்ந்தது. குடித்தது இன்னதென்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. விளக்கிச் சொல்லும் நிலையில் அவரும் இல்லை. "நாளை கையொப்பம் விழவில்லையென்றால் டிசம்பர்தான்," என்று மட்டும் ஓஸ்டர்காம்ப் முடித்தார்.

வாயிலில் நிஷியோ தனியே காத்திருந்தார். "இன்று மாலை ஏழு மணி. நேற்றைய அதே மதுக்கூடம். குரொய்வா அவர்கள் அழைக்கிறார். உங்களை மட்டும்."

பாலச்சந்திரனிடம் இதைத் தொலைபேசியில் சொன்னார். "தூக்குல போடறவனுக்குக்கூட ஒரு நல்ல சாப்பாடு போடுவாங்கப்பா. போயிட்டு வா," என்றார் அவர்.

அதே மேசை. அதே பரிசாரகர். சுந்தரராஜன் போய்ச் சேரும்போது குரொய்வா எழுந்து நின்றார். பரிசாரகர் மூன்று குவளைகளை வைத்தார். குரொய்வா தம் குவளையை உயர்த்தி ஒரே மூச்சில் குடித்தார். மறுகணம் அவர் முகம் கோணி, கண்கள் இடுங்கி, தோள்கள் குலுங்கின. மேசையில் இருந்த மூன்றுமே மால்ட்ஸ்பியர் என்பதை அப்போதுதான் சுந்தரராஜன் உணர்ந்தார். பரிசாரகர் அடுத்ததை வைத்தார். குரொய்வா அதையும் குடித்தார். மூன்றாவதில் பாதி வரை சென்று, குவளையைக் கீழே வைத்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இதையா ஒரு மாலை முழுவதும் குடித்தீர்கள் என்று கேட்கிறார்," என்றார் நிஷியோ. அவருடைய குவளை முதல் மிடற்றோடு நின்றிருந்தது.

"ஆம்."

"பியர் குடித்து விழித்திருப்பது யாராலும் முடியும். இதைக் குடித்துக்கொண்டு, எங்கள் பாட்டையும் கேட்டுக்கொண்டு, ஒருமுறைகூடக் கடிகாரத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தது தம்மால் ஆகாத காரியம் என்கிறார்."

"காலையில் அவர் என்மேல் சினந்தல்லவா எழுந்து போனார்?"

நிஷியோ அவரை வியப்போடு பார்த்தார். "சினமா? வெட்கம். குடிக்காத ஒருவரை விடியும்வரை கட்டிவைத்துவிட்டோமே என்று. உங்கள் முகத்தைப் பார்க்க இயலாமல்தான் போனார். தொழிற்சாலையிலும் அதனால்தான் உங்கள் பக்கம் திரும்பவில்லை. இந்தக் கடனைத் தீர்க்காமல் கையொப்பமிட முடியாது என்றார்."

 அப்போது சுந்தரராஜனுக்கென்று சொல்லியிருந்த உருளைக்கிழங்கு வறுவலும் ஆப்பிள் கூழும் வந்தன. பகலெல்லாம் உண்ணாதவர் ஆதலின் ஆவலோடு கரண்டியை எடுத்தார். நான்கைந்து வாய்கூட ஆகியிராது. குரொய்வா தம் அட்டையை எடுத்துக் குவளையை மூடினார், இரு கைகளையும் ஒருமுறை ஓங்கித் தட்டினார், எழுந்து வணங்கினார்.

"விருந்து முடிந்தது," என்றார் நிஷியோ, பெருமிதத்தோடு. "இம்முறை அளித்தவர் அவர் அல்லவா. உங்களைக் காக்க வைக்கக்கூடாது என்று பகலிலேயே முடிவு செய்துவிட்டார்."

கரண்டி கையிலிருக்கச் சுந்தரராஜன் எழுந்து நின்றார். இலையில் சோறிருக்கையில் எழுந்தது அவர் வாழ்வில் அதுவே முதன்முறை. பசியோடு ரயிலேறினார்.

மறுநாள் காலை குரொய்வா பன்னிரண்டு இயந்திரங்களுக்கும் கையொப்பமிட்டார். அடுத்த பிப்ரவரியில் கிரிஜா மகளோடு வந்திறங்கினாள். வேலை நிலைத்ததற்கு நன்றியாகச் சுந்தரராஜன் ஓஸ்டர்காம்ப் தம்பதியரை வீட்டுக்கு உணவருந்த அழைத்தார். ஓஸ்டர்காம்ப் வரும்போது ஒரு பெரிய புட்டி சாராயத்தை ஏந்தி வந்தார். அதைச் சுந்தரராஜனின் கையில் கொடுத்து, அவர் முதுகில் தட்டி, கட்டைவிரலை வாய்க்கு நேரே கவிழ்த்துக் காட்டி, "விடியும்வரை. ஜப்பானியரையே சாய்த்துவிட்டார்" என்று கிரிஜாவிடம் பெருமையோடு தெரிவித்தார். கிரிஜாவுக்கு அப்போது ஜெர்மன் பத்துச் சொற்கள்கூடத் தெரியாது. கட்டைவிரல் தெரிந்தது, புட்டி தெரிந்தது. அவள் கையிலிருந்த பாயசக் கிண்ணத்தை ஓசையெழ மேசையில் வைத்தாள். விருந்து முடியும்வரை அவள் கணவர் முகத்தைப் பார்க்கவில்லை.

விருந்தினர் போனபின் அவள் கேட்டாள்: "நீங்க குடிப்பீங்களா?"

"இல்லை கண்ணு. சத்தியமா இல்லை."

"பின்ன அந்தாளு எதுக்குப் பாட்டலு தூக்கீட்டு வந்தாரு? ஊரே கைகொட்டிச் சிரிக்கற மாதிரி என்ன பண்ணி வெச்சீங்க?"

அவர் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். பச்சைப் பன்றியிறைச்சியையும், வாய்பாட்டையும், ரயில் நிலையத்தையும், அட்டையையும் சொன்னார். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. சொல்லச்சொல்ல அவருக்கே அது நம்பத்தகாததாகப் பட்டது. மறுநாள் வேலை முடிந்து வரும் வழியில் ஒரு புட்டி மால்ட்ஸ்பியர் வாங்கி வந்து, டம்ளரில் ஊற்றி அவள்முன் வைத்தார்.

கிரிஜா முகர்ந்து பார்த்தாள். நாக்கு நுனியால் தொட்டாள். பிறகு ஒரே ஒரு மிடறு விழுங்கி, டம்ளரை மேசையில் வைத்து, அதையும் அவரையும் மாறிமாறி நெடுநேரம் பார்த்தாள்.

"இதையா ராத்திரி பூரா குடிச்சீங்க?"

"ஆமா."

அவள் எழுந்து, அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்து வந்து, டம்ளரின் மேல் மூடினாள்.